ரத்தக் கொழுப்பு: வயிற்றுக் கிருமியா, வம்சாவளியா?

லேப் ரிப்போர்ட்டில் ‘எல்டிஎல்’ என்ற வரிக்கு எதிரே உள்ள எண் தடித்த எழுத்தில் அச்சாகி வந்தால், நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு வருவது சாப்பாட்டுத் தட்டுதான். முட்டையின் மஞ்சள் கரு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, தேங்காய்ச் சட்னி, சாயங்கால பஜ்ஜி என்று ஒவ்வொன்றாக நிறுத்தப்படும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தும் எண் பெரிதாக அசையவில்லை என்றால், ‘யாருக்கும் தெரியாமல் வெளியில் தின்கிறார்’ என்ற சந்தேகம் கிளம்பும். தட்டைக் கொண்டு விளக்க முடியாத இந்த மிச்சத்துக்கு இப்போது இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. இரைப்பையில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்பது ஒன்று. பெற்றோரிடமிருந்து வந்த மரபணு என்பது மற்றது. இரண்டுக்குப் பின்னாலும் ஆய்வுகள் இருக்கின்றன. அதனாலேயே இரண்டும் சம எடை கொண்டவை என்று எடுத்துக்கொண்டால் தப்பான இடத்தில் பணத்தையும் மாத்திரையையும் செலவழிப்போம். கிருமி பற்றிய தகவல் சுவையானது, ஆனால் அதை நம்பிச் சிகிச்சை எடுக்கும் அளவுக்கு உறுதிப்படவில்லை. மரபணு பற்றிய சான்று ஐம்பது ஆண்டுகளாக இறுகி நிற்கிறது. இருந்தும் அதையொட்டிக் கேட்க வேண்டிய எளிய கேள்விகள் நம் மருத்துவமனைகளில் அரிதாகவே கேட்கப்படுகின்றன.

தட்டுக்கு எவ்வளவு பொறுப்பு உண்டு என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை, ஏறத்தாழ முக்கால் பங்கை, கல்லீரலும் மற்ற திசுக்களும் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. உணவில் வருவது மீதிதான். அந்த மீதியையும் எல்லா உடலும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. 1991-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், பல ஆண்டுகளாகத் தினமும் 25 முட்டை சாப்பிட்டுவந்த 88 வயது முதியவர் ஒருவரைப் பற்றிய கட்டுரை வந்தது. அவருடைய ரத்தக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவில்தான் இருந்தது. ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது: அவருடைய குடல் கொலஸ்ட்ராலை மிகக் குறைவாகவே உறிஞ்சியது, உள்ளே போனதையும் கல்லீரல் வேகமாகப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றியது. அவரைப் பார்த்து யாரும் 25 முட்டைக்குத் துணியக் கூடாது. ஒரே உணவு இரண்டு உடல்களில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் உண்ணக் கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டிகூட 2015-ஐ ஒட்டி வந்த பதிப்பில் அந்த எண்ணைக் கைவிட்டது. வெண்ணெய், வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் ஆகியவற்றின் மீதான குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. முட்டை மீதானது பாதிக்கு மேல் தளர்ந்துவிட்டது.

இனி வயிற்றுக் கிருமிக்கு வருவோம். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இந்தத் திருகு வடிவ பாக்டீரியாவை 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அடையாளம் கண்டார்கள். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவ உலகம் அடித்துச் சொன்னதால், 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கடியான வீடுகளிலும் சுகாதாரம் குறைந்த சூழலிலும் தொற்றும் இக்கிருமி, மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதைச் சுமக்கிறார்கள்; பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இருப்பதில்லை. இதற்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள உறவு வெறும் கட்டுக்கதை அன்று. இந்தக் கிருமிக்குக் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கத் தெரியாது. அதனால் நம் இரைப்பைச் செல்களின் சவ்விலிருந்து அதை உருவி எடுக்கிறது. எடுத்ததோடு ஒரு சர்க்கரை மூலக்கூறை இணைத்துத் தன் மேலுறையில் பதித்துக்கொள்கிறது. இந்த மாற்றத்தால் நம் நோயெதிர்ப்புச் செல்களின் கண்ணில் படாமல் தப்பிக்கிறது. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தினர் 2006-ல் இதைப் படிப்படியாக நிறுவிக் காட்டினார்கள். சர்க்கரை சேர்க்கும் நொதிக்கான மரபணுவை நீக்கிய கிருமியால் எலிகளின் வயிற்றில் நிலைத்து வாழ முடியவில்லை.

இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கும்போது, கிருமி உள்ளவர்களின் ரத்தத்திலும் கொழுப்புக் கணக்கு மாறியிருக்குமோ என்று கேட்பது இயல்புதான். பல நாடுகளில் எடுக்கப்பட்ட ஆய்வுகளில், கிருமி உள்ளவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் சற்றுக் கூடுதலாகவும் நல்ல கொழுப்பான எச்டிஎல் சற்றுக் குறைவாகவும் இருந்தது உண்மை. நாள்பட்ட அழற்சியால் சுரக்கும் வேதிப்பொருள்கள் கல்லீரலின் கொழுப்பு மேலாண்மையைக் குழப்பலாம் என்று விளக்கமும் தரப்பட்டது. 1994-ல் லண்டன் ஆய்வாளர்கள் இந்தக் கிருமிக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதாக எழுதியபோது பரபரப்பு எழுந்தது. இந்தக் கிருமி உண்டாக்கும் அல்சரை ஆன்டிபயாடிக் குணப்படுத்தியது போல மாரடைப்பையும் குணப்படுத்திவிடும் என்ற நம்பிக்கை அப்போதுதான் பிறந்தது. ஆனால் அதற்கடுத்த சில ஆண்டுகளில் பெரிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அந்தத் தொடர்பு மெலிந்துகொண்டே போனது. காரணத்தைக் கண்டுபிடிக்க வெகுதூரம் போக வேண்டாம். சிறுவயதில் வறுமையில் வளர்ந்தவருக்குக் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம். புகைப்பழக்கம், சத்துக்குறைவு, மருத்துவ வசதியின்மை ஆகியவையும் அவரோடு சேர்ந்தே வளர்கின்றன. இதில் எது கொழுப்பை மாற்றியது என்று ஒரு ரத்தப் பரிசோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது.

நாடுகளின் அனுபவமும் கிருமிக் கட்சிக்குச் சாதகமாக இல்லை. போருக்குப் பிந்தைய ஜப்பானில் தலைமுறைக்குத் தலைமுறை இக்கிருமித் தொற்று சரிந்துகொண்டே வந்தது. அதே காலத்தில் மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் ஏறியது. பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்களின் உடலில் குடல்புழுக்களும் தொற்றுகளும் நிறைந்திருக்கின்றன. ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகளும் உயர்ந்திருக்கின்றன. ஆனாலும் அவர்களின் எல்டிஎல் சராசரி 90-ஐ ஒட்டித்தான் இருந்தது. 2017-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், ஸ்கேன் எடுக்கப்பட்ட சுமார் 700 பேரில் 85 சதவீதத்தினருக்கு இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவு அறவே இல்லை. ஜப்பானியர் உணவு மாறிவிட்டது, சிமானே மக்கள் நாள் முழுக்க நடக்கிறார்கள் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். மறுப்பு நியாயமானதே. ஆனால் உணவும் நடையும் இவ்வளவு எளிதாக அமுக்கிவிடக்கூடிய விளைவு என்றால், அது தனி நபர் ரிப்போர்ட்டில் தேடும் அளவுக்குப் பெரியதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கிருமியை ஒழித்த பிறகு எச்டிஎல் கொஞ்சம் கூடியது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. வயிற்று எரிச்சல் தீர்ந்தவர் நன்றாகச் சாப்பிடுவார், எடை போடுவார், அவர் பழக்கங்களும் மாறும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். மாரடைப்பு குறைந்ததா என்பதே இறுதிக் கேள்வி. அதற்கு ஆம் என்று சொல்லும் சோதனை எதுவும் இன்றுவரை கையில் இல்லை.

சொல்லப்போனால், தொற்றுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இடையே மிகத் தெளிவாக நிறுவப்பட்ட உறவு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. கடும் காய்ச்சல், டைபாய்டு, வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்றவை தாக்கும்போது எல்டிஎல், எச்டிஎல் இரண்டும் இறங்குகின்றன, ட்ரைகிளிசரைடு ஏறுகிறது. கொழுப்பைச் சுமக்கும் துகள்கள் பாக்டீரியா நஞ்சை ஒட்டிக்கொண்டு அதன் வீரியத்தைக் குறைக்கின்றன என்பதால், உடல் தன் கையிருப்பைச் செலவழிப்பதாகவே இதைப் பார்க்கலாம். மாரடைப்பு வந்த ஓரிரு நாள் கழித்து எடுக்கும் ரிப்போர்ட்டிலும் இப்படி எண் குறைந்து காட்டும். மருத்துவமனையில் படுத்திருந்தபோது எடுத்த பரிசோதனையைப் பார்த்து ‘கொலஸ்ட்ரால் நார்மல்தான்’ என்று நிம்மதி அடைபவர்கள் நம்மிடையே ஏராளம். உடம்பு தேறிச் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பக் கூடாது. வயிற்றுத் தொற்று பற்றிப் பேசும்போது பொதுமக்களுக்கு உண்மையிலேயே பயன்படும் தகவல் இதுதான். இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

மரபணுப் பக்கம் திரும்பினால் சான்றின் தரமே வேறாக இருக்கிறது. 1930-களின் இறுதியில் நார்வே மருத்துவர் கார்ல் முல்லர், தோலிலும் தசைநாணிலும் மஞ்சள் கட்டிகள், உயர் கொலஸ்ட்ரால், இளவயது மாரடைப்பு ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் ஒன்றாகவே வருவதைப் பதிவுசெய்தார். 1970-களில் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் அப்படிப்பட்ட குழந்தைகளின் தோல் செல்களை வளர்த்துப் பார்த்து, எல்டிஎல் துகளை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும் ஏற்பி அவற்றில் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தார்கள். 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள். தந்தை, தாய் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெற்ற 6 வயதுச் சிறுமி ஒருத்திக்கு 1984-ல் பிட்ஸ்பர்க்கில் இதயத்தோடு கல்லீரலையும் மாற்றி வைத்தார்கள். அவளுடைய எல்டிஎல் ஏறத்தாழ ஆயிரத்தை எட்டியிருந்தது. ஏற்பிகள் உள்ள புதுக் கல்லீரல் வந்ததும் அது சுமார் 80 சதவீதம் சரிந்தது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இந்தக் குறையைப் பெற்றவர்கள் உலகில் 250 முதல் 300 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இருக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்தே இவர்களின் எல்டிஎல் உயர்ந்திருக்கும். வளர்ந்த பின் பெரும்பாலும் 190-ஐத் தாண்டும். நேர் எதிர்ச் சான்றும் அதே டல்லாஸிலிருந்து வந்தது. பிசிஎஸ்கே9 என்ற மரபணு செயலிழந்தவர்களை ஹெலன் ஹாப்ஸும் ஜோனதன் கோஹனும் ஆராய்ந்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களில் 2.6 சதவீதம் பேரிடம் இந்த மாற்றம் இருந்தது. 2006-ல் வெளியான அவர்கள் கணக்குப்படி, இவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. இதய நோய் அபாயமோ 88 சதவீதம் குறைவு. மரபணு கருவிலேயே பங்கிடப்பட்டுவிடுகிறது. வறுமையோ புகையோ பின்னால் வந்து அதை மாற்றுவதில்லை. கிருமி ஆய்வுகளைப் பீடித்த குழப்பம் இங்கே நுழைய வழியில்லாததால்தான் இந்தச் சான்றுக்கு இவ்வளவு கனம்.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிட்டு, ‘அப்படியானால் எல்லாம் தலையெழுத்து, டெஸ்ட் எடுத்து என்ன ஆகப்போகிறது’ என்று கேட்கலாம். நெதர்லாந்தின் ஒரு வம்சாவளி இதற்குப் பதில் சொல்கிறது. எல்டிஎல் ஏற்பியில் ஒரே குறையைக் கொண்ட மூன்று நோயாளிகளின் முன்னோரைத் தேடிப் போனவர்கள், 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே தம்பதியில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து கீழிறங்கி, இரண்டு நூற்றாண்டு இறப்புப் பதிவுகளை ஒப்பிட்டு 2001-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்த மரபணுவைச் சுமந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சாகவில்லை. 1915-க்குப் பிறகு அவர்களின் சாவு விகிதம் ஏறத் தொடங்கியது, 1935-க்கும் 1964-க்கும் இடையே உச்சத்தைத் தொட்டது, பிறகு இறங்கியது. மரபணு அப்படியே இருக்க, சாவு மட்டும் காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது. இன்னொரு சாத்தியத்தையும் அந்த ஆய்வாளர்கள் தொட்டுக் காட்டினார்கள்: தொற்றுநோய்கள் வாரிக்கொண்டு போன காலத்தில், உயர்ந்த கொலஸ்ட்ரால் அந்த மக்களுக்குப் பாதுகாப்பாகவே இருந்திருக்கலாம். இதே எல்டிஎல் ஏற்பி இல்லாத எலிகள் பாக்டீரியா நஞ்சைச் சாதாரண எலிகளைவிட நன்றாகத் தாங்கின என்று 1990-களில் வந்த ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது.

வயிற்றுத் தொற்றும் மரபணுவும் உண்மையில் கைகோக்கும் இடம் இதுவாக இருக்கக்கூடும் என்பது என் ஊகம். ஏபிஓஇ என்ற மரபணுவின் நான்காம் வகையைப் பெற்றவர்களுக்கு எல்டிஎல் சற்றுக் கூடுதலாக இருக்கும். முதுமையில் அல்சைமர் அபாயமும் அதிகம். இவ்வளவு கெடுதல் செய்யும் ஒரு வகை ஏன் மனித குலத்திலிருந்து உதிர்ந்து போகவில்லை? பிரேசிலின் ஃபோர்தலேசா நகரச் சேரி ஒன்றில், அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளான குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்தவர்கள் ஒரு விடையைத் தந்தார்கள். வயிற்றுப்போக்கின் சுமை மிகுந்த குழந்தைகளில், இந்த நான்காம் வகையைச் சுமந்தவர்களே அறிவுத்திறன் சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். கொழுப்பைத் திரட்டிக்கொள்ளும் உடல், குடலைப் புதுப்பிக்கவும் மூளையை வளர்க்கவும் கூடுதலான கையிருப்போடு இருந்திருக்கலாம். டைபாய்டிலோ கதை தலைகீழ். விஏசி14 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியவர்களின் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் கூடுகிறது, டைபாய்டு கிருமி எளிதாக உள்ளே நுழைகிறது என்று வியட்நாம் மக்களின் மரபணுத் தரவைக் கொண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2017-ல் காட்டினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் எசெட்டிமைப் மருந்து, வரிக்குதிரை மீன்களை அந்தக் கிருமியிடமிருந்து ஓரளவு காத்தது. ஆக, தொற்று நம் கொழுப்பைத் தொட்டிருக்கிறது என்றால், பெரும்பாலும் அது நம் கொள்ளுப்பாட்டிகளில் யார் பிழைத்தார்கள் என்பதன் வழியாகத் தொட்டிருக்கிறது. இந்த ஆண்டு நம் இரைப்பையில் இருக்கும் கிருமியின் வழியாக அல்ல. காலரா, பேதிக் காலங்களைக் கடந்துவந்த மக்கள்கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்துமா என்பதை இனிமேல்தான் ஆராய வேண்டும்.

தலையெழுத்து என்ற வாதத்தை மருந்துகளும் முறியடித்துவிட்டன. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளிலிருந்து கிளைத்ததே கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக் குடும்பம். நெதர்லாந்தில் குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் உள்ள 214 குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் தொடங்கி, 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 39 வயதுக்குள் இதய, ரத்தக்குழாய் நோய் வந்தவர்கள் 1 சதவீதம். அதே மரபணுவைச் சுமந்த அவர்களின் தந்தையர், தாய்மாரில் அந்த வயதுக்குள் நோய் கண்டவர்கள் 26 சதவீதம். பெற்றோர் தலைமுறைக்கு அந்த மாத்திரை பிந்திக் கிடைத்தது. மாத்திரைக் கம்பெனிகளின் சதி என்று ஸ்டாட்டினைச் சாடும் குரல்களுக்கு இந்த 26-க்கும் 1-க்கும் உள்ள தூரத்தைக் காட்டினாலே போதும். லேசாக உயர்ந்த எண்ணுக்கெல்லாம் உடனே மாத்திரை எழுதலாமா என்பது தனி விவாதம். அதில் தயங்குபவர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. பிறவியிலேயே 200-ஐத் தாண்டி நிற்பவர் விஷயத்தில் தயங்க இடமில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மரபணுவைக் காட்டினால் மக்கள் உணவுக் கட்டுப்பாட்டைக் கைகழுவிவிட மாட்டார்களா? நம்மவர்களில் பெரும்பாலோரின் பிரச்சினை குடும்பவழி உயர் கொலஸ்ட்ரால் அல்லவே? சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் நாடெங்கும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ (ICMR-INDIAB) ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் 81 சதவீதம் பேரின் ரத்தக் கொழுப்புக் கணக்கில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. அதில் முதலிடம் நல்ல கொழுப்புக் குறைவுக்கு, 67 சதவீதம். உயர்ந்த மொத்தக் கொலஸ்ட்ரால் 24 சதவீதம்தான். நல்ல கொழுப்பு குறைவதற்கும் ட்ரைகிளிசரைடு ஏறுவதற்கும், குவித்துப் போட்ட வெள்ளைச் சோறும் சர்க்கரையும் தொப்பையும் அசையாத உடம்பும்தான் பெரிய காரணம். அங்கே தட்டின் மீது வழக்கு இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆட்சேபத்தின் இந்தப் பாதியை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: எல்டிஎல் 210 இருப்பவரும், எச்டிஎல் 32 இருப்பவரும் ஒரே ஆள் அல்லர். இருவருக்கும் ‘கொழுப்பு’ என்று ஒரே பட்டியலை நீட்டி, எண்ணெயைக் குறை, முட்டையை நிறுத்து என்று அனுப்பிவைப்பதால் முதலாமவர் பத்தாண்டுகளை வீணாக்குகிறார். இன்னொரு மரபுக் காரணியான லைப்போபுரோட்டீன் ‘ஏ’ உணவுக்கும் நடைக்கும் ஏறக்குறைய மசியவே மசியாது. தெற்காசியர்களிடம் இது ஐரோப்பியர்களைவிடக் கூடுதல். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஆயுளில் ஒரு முறையாவது இதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. 18 வயதில் முதல் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கும் முன்னதாக, என்கிறது.

‘கிருமியை ஒழிப்பதில் என்ன நஷ்டம், ஒழித்துவிட்டுப் போகலாமே’ என்று கேட்பவர்கள் மருந்துச் சீட்டை நெருக்கத்தில் பார்க்க வேண்டும். வழக்கமான சிகிச்சை என்பது இரண்டு ஆன்டிபயாடிக்கும் அமிலத்தை அடக்கும் மாத்திரையும் சேர்ந்த 14 நாள் வைத்தியம். அதில் அடிக்கடி இடம்பெறும் கிளாரித்ரோமைசின், கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்குகிறது. ஸ்டாட்டின் ரத்தத்தில் தேங்கி, தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைத்துவிடும் ஆபத்து உண்டு. அல்சர் டாக்டர் ஒரு சீட்டும் இதய டாக்டர் இன்னொரு சீட்டும் எழுதி, இரண்டையும் ஒரே மெடிக்கல் ஷாப்பில் வாங்கி ஒன்றாக விழுங்கும் நம் ஊர் வழக்கத்தில் இது ஏட்டளவிலான ஆபத்தல்ல. கோபன்ஹேகனில் இதய நோயாளிகள் நாலாயிரத்துச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு இரண்டு வாரம் கிளாரித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த கிளாரிகோர் சோதனையில், மாரடைப்பு குறைவதற்குப் பதில் சாவுதான் கூடியது. வேறொரு கிருமியைக் குறிவைத்து நடந்து 2005-ல் வெளியான இரண்டு பெரிய ஆன்டிபயாடிக் சோதனைகளிலும் இதயத்துக்கு ஒரு நன்மையும் கிட்டவில்லை. ஹெலிகோபேக்டரை ஒழிக்க நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை: அல்சர் ஒன்று, இரைப்பைப் புற்றுநோய் மற்றொன்று. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே வெகுகாலமாக முன்வரிசையில் இருப்பது இரைப்பைப் புற்றுநோய் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இதய நோயாளிகளுக்கும்கூட ஒரு காரணம் உண்டு. ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவர்களிடம் இக்கிருமியை ஒழித்தால் முதல் இரண்டரை ஆண்டுகளில் அல்சர் ரத்தக்கசிவு கணிசமாகக் குறைகிறது என்று பிரிட்டனின் ஹீட் சோதனை 2022-ல் காட்டியது. இந்தக் காரணங்களுக்காக டாக்டர் சொன்னால் தயங்காமல் மருந்து எடுக்கலாம். கொலஸ்ட்ரால் எண்ணை இறக்குவதற்காக என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கலாம்.

நம் மாநிலத்துக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று ரத்த உறவுக்குள் மணம் முடிப்பது தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக இருக்கிறது. ஒரே தாத்தாவிடமிருந்து ஒரே குறையுள்ள மரபணு மணமகன், மணமகள் இருவருக்கும் வந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை இரட்டைக் குறையோடு பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் தோன்றும். தோல் நோய் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்கும் காலத்திலேயே இதயக் குழாய் அடைபட்டுக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க விலையுயர்ந்த மரபணுப் பரிசோதனை எதுவும் முதற்கட்டத்தில் தேவையில்லை. எல்டிஎல் 190-க்கு மேல், குடும்பத்தில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 60 வயதுக்கு முன்போ மாரடைப்பு, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது, இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெண்வளையம் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட வேண்டும். நெதர்லாந்து 1994 முதல் செய்தது இதன் நீட்சிதான்: ஒரு நோயாளி கிடைத்ததும் அவருடைய உடன்பிறந்தார், பிள்ளைகள், சித்தப்பா, அத்தை என்று குடும்பம் குடும்பமாகத் தேடிப்போய்ப் பரிசோதித்தார்கள். நெருங்கிய ரத்த சொந்தத்தில் இரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் நோய் அகப்படும்போது, ஊர் முழுக்க ஊசி குத்தித் தேட வேண்டிய அவசியமில்லை.

இதற்கான கட்டமைப்பு நம்மிடம் பாதி தயார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே நெஞ்சுவலியோடு வருபவருக்குக் கொடுக்க ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் விடுபட்டிருப்பது குடும்பம். வீட்டு வாசலுக்கு வரும் ஊழியர், ‘உங்கள் வீட்டில் ஆண்களுக்கு 55 வயதுக்கு முன்போ பெண்களுக்கு 60 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்ததா’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும். 42 வயதில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குப் போகிறவரின் டிஸ்சார்ஜ் சம்மரியில், ‘உடன்பிறந்தவர்களும் 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளவும்’ என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய அரசாணையோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. அந்த வார்டின் தலைமை மருத்துவர் நாளைக்கே தொடங்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு உயர் கொலஸ்ட்ரால் தெரியவந்தால் பல பத்தாண்டுகள் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை எந்தத் திட்டம் ஏற்கும் என்பதுதான் அரசு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.